பள்ளிப் பிள்ளைகளின் தின்பண்டம்: வணிகர்கள் அறிய வேண்டிய உண்மைகள்



பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு நாளில் இரண்டு நேரம் முக்கியம். ஒன்று காலை ஒன்பது மணி. மற்றொன்று மாலை நான்கு மணி. அந்தக் கால்மணி நேரம் கல்லாவில் இருப்பவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. "அண்ணாச்சி, எனக்கு அஞ்சு ரூபாய்க்கு இது!" "அண்ணாச்சி, நான்தான் முதல்ல கேட்டேன்!" என்று சின்னக் கைகள் நாணயத்தை நீட்டிக்கொண்டே இருக்கும். வாசலில் தொங்கும் சரம் ஒவ்வொன்றாகக் கிழிபடும். ஜாடி மூடியை மூட நேரமிருக்காது. ஒரு பிள்ளையிடம் நமக்குக் கிடைப்பது சில பைசா லாபம்தான். ஆனால் பள்ளி நடக்கும் நாளெல்லாம் தவறாமல் வந்து, கடன் சொல்லாமல், ரொக்கம் கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் வேறு யார் இருக்கிறார்?

அந்தச் சின்ன வாடிக்கையாளரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் நம்மிடம் வாங்கித் தின்பதில் என்ன சத்து இருக்கிறது? 'வைட்டமின் சேர்த்தது', 'இரும்புச்சத்து சேர்த்தது' என்று பாக்கெட்டில் அச்சிட்டு வருகிறதே, அந்தச் சத்து சேர்த்த பண்டங்களால் உண்மையிலேயே பலன் உண்டா? அதில் மளிகைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் என்ன வேலை? இவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

வயிறு நிறைகிறது, சத்து நிறைவதில்லை

நம் நாட்டில் 2016 முதல் 2018 வரை குழந்தைகளின் ஊட்டச்சத்து பற்றி மத்திய அரசு ஒரு விரிவான கணக்கெடுப்பு நடத்தியது. எடை, உயரம் பார்த்ததோடு நிற்காமல் இரத்தத்தையும் சோதித்தார்கள். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 22 பேருக்கு வைட்டமின் ஏ குறைவு. 18 பேருக்கு வைட்டமின் டி குறைவு. 28 பேருக்கு ஃபோலிக் அமிலக் குறைவு. 17 பேருக்கு வைட்டமின் பி12 குறைவு. 24 பேருக்கு இரத்தசோகை.

இதை 'மறைந்த பசி' என்கிறார்கள். பிள்ளை மூன்று வேளையும் சாப்பிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாயங்காலம் வெளிச்சம் மங்கினால் கண் தடுமாறும். அடிக்கடி சளி, வயிற்றுப்போக்கு என்று பள்ளிக்கு லீவு போடும். பாடத்தில் கவனம் நிற்காது. வீட்டில் 'சோம்பேறி' என்று திட்டு வாங்கும். குறை பிள்ளையிடம் இல்லை, தட்டில்தான் இருக்கிறது.

வைட்டமின் ஏ குறைவைப் போக்க 1970-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் வாய்வழியாகக் கொடுக்கப்படுகிறது. அது 5 வயதோடு நின்றுவிடும். அதன்பின் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வைட்டமின் ஏ சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். நம் மாநிலத்தில் 1982-இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் அந்தக் குறையைப் பெருமளவு தாங்குகின்றன. அந்த இரண்டு வேளைகளுக்கும் நடுவில், முன்னும் பின்னும், பிள்ளையின் வாய்க்குள் போவது நம் கடைச் சரக்கு.

உப்பு கற்றுக்கொடுத்த பாடம்

உணவுப் பொருளில் சத்து சேர்ப்பது நம் தொழிலுக்குப் புதியதல்ல. பழைய தலைமுறைக் கடைக்காரர்களுக்கு வனஸ்பதி டின் நினைவிருக்கும். அதில் வைட்டமின் ஏ சேர்த்தே விற்க வேண்டும் என்று 1953-லேயே கட்டாயமானது.

அதைவிடப் பெரிய உதாரணம் உப்பு. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை நோய் பரவலாக இருந்தது. 1956-இல் தொடங்கி அங்கு டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவருடைய சகாக்களும் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துச் சோதித்தார்கள். கழலை குறைந்தது. அதன் பலனாக 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. பிறகு அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை வந்தது. 2000-இல் மத்திய அரசு அதை விலக்கிக்கொண்டது. 2006-இல் மீண்டும் கொண்டுவந்தது.

இந்தத் தடையை நம்மில் பலர் அன்று எதிர்த்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உப்பளத்துச் சிறு உற்பத்தியாளர்களின் கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனால் இன்று திரும்பிப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. அயோடின் எந்த மருத்துவமனை வழியாகவும் வீடுகளுக்குள் போகவில்லை. நம் கடை வழியாகத்தான் போனது. யாரும் மாத்திரை விழுங்கவில்லை. உப்பு வாங்கினார்கள், சத்தும் கூடவே போய்ச் சேர்ந்தது.

அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. விதிப்படி உப்பில் அயோடின் கடை மட்டத்தில் பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையக் கூடாது. தயாரிக்கும் இடத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஏன் இரண்டு அளவு? லாரியிலும் குடோனிலும் கடையிலும் ஈரம் பட்டு அயோடின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்பதால்தான். ஆக, சேர்த்த சத்து பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேருவது பாதி ஆலையின் கையிலும் பாதி நம் கையிலும் இருக்கிறது.

ஒரு பிஸ்கட்டின் கதை

இனி தின்பண்டத்துக்கு வருவோம். சத்து சேர்த்த பண்டத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து ஒழுங்காகக் கணக்கெடுத்த சோதனை ஒன்று தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 1860-ஆம் ஆண்டு மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம் மக்கள் இறங்கியது டர்பன் துறைமுகம். அந்த டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்துக் கிராமப்புறத்தில், ஜூலு இனப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில், 1990-களின் நடுவில் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் இதை நடத்தினார்கள்.

எதில் சத்து சேர்ப்பது என்று யோசித்து, அவர்கள் தேர்ந்தெடுத்தது பிஸ்கட். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களை எந்த மளிகைக் கடைக்காரரும் சொல்லியிருப்பார். சமைக்க வேண்டாம். பங்கிடுவது சுலபம். நாள்பட இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிஸ்கட்டை யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை. ஆகவே 'பள்ளியில்தான் தின்றாயே' என்று வீட்டில் சாப்பாட்டைக் குறைக்க மாட்டார்கள்.

6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரும்பு, அயோடின், வைட்டமின் ஏ-ஆக உடலில் மாறும் பீட்டா கரோட்டின் ஆகியவை சேர்த்த பிஸ்கட். ஒவ்வொன்றும் பிள்ளையின் ஒரு நாள் தேவையில் பாதி அளவு. மற்றப் பிரிவுக்குச் சத்து சேர்க்காத சாதாரண பிஸ்கட். இரும்பு உடலில் ஒட்டுவதற்காகச் சத்து பிஸ்கட்டோடு வைட்டமின் சி கலந்த பானமும் கொடுத்தார்கள். ஓர் ஆண்டில் 43 வாரம், பள்ளி நாட்களில் மட்டும்.

பலன் என்ன? சத்து பிஸ்கட் தின்ற பிள்ளைகளில் வைட்டமின் ஏ குறைந்தவர்கள் 100-க்கு 39 பேராக இருந்தது 12 ஆகக் குறைந்தது. இரத்தசோகை ஏறக்குறைய 30 பேரிலிருந்து 16 பேருக்கு வந்தது. அயோடின் குறைவு 97-லிருந்து 5-க்கு இறங்கியது. வயிற்றுப்போக்கால் பள்ளிக்கு வராத நாட்கள் குறைந்தன. அறிவுத்திறன் சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது. உயரத்திலும் எடையிலும் மட்டும் வித்தியாசம் இல்லை. இந்த முடிவுகள் 1999-இல் வெளியாயின.

ஒரு சாதாரண பிஸ்கட்டில் இவ்வளவு செய்ய முடிகிறது என்றால், அதை விற்கிற நமக்கு அது பெருமைதான். ஆனால் கதை இத்தோடு முடியவில்லை.

லீவு விட்டதும் என்ன ஆனது?

பள்ளிக்கு நீண்ட கோடை விடுமுறை விட்டார்கள். பிஸ்கட்டும் நின்றது. பள்ளி திறந்ததும் மறுபடி இரத்தத்தைச் சோதித்தார்கள். அயோடின் மட்டும் நின்றது. வைட்டமின் ஏ பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. பிஸ்கட்டை மீண்டும் கொடுத்ததும் ஏறியது. அடுத்தடுத்த கோடை விடுமுறைகளுக்குப் பின்னும் இறங்கியே இருந்தது. இரத்தத்தின் அளவோ, பிஸ்கட் தொடர்ந்தும், காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிஸ்கட்டில் சேர்க்கும் இரும்பு எந்த வகையாக இருக்க வேண்டும் என்பதை மேலும் ஆராய வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள்.

நம் பாஷையில் சொன்னால் விஷயம் இதுதான். வைட்டமின் ஏ-க்குக் குடோன் ஈரல். நிறைய வந்தால் அங்கே இருப்பு வைத்துக்கொண்டு, வரத்து இல்லாத மாதங்களில் உடல் எடுத்துச் செலவழிக்கும். பிஸ்கட்டில் வந்தது அன்றாடச் செலவுக்குச் சரியாக இருந்தது. குடோனில் இருப்பு சேரவில்லை. வரத்து நின்றதும் கடை காலி.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது இரண்டு. ஒன்று, சத்து சேர்த்த தின்பண்டம் உண்மையிலேயே வேலை செய்யும். இரண்டு, அது தினமும் கிடைத்தால்தான் வேலை செய்யும். ஒரு மாதம் வைத்திருந்து மறு மாதம் 'ஸ்டாக் இல்லை' என்றால் பலன் போய்விடும். பள்ளிக்கு லீவு உண்டு. நம் கடைக்கு லீவு ஏது? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அரை நாள் மூடினால் அதிகம். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகளுக்குச் சத்து போய்ச் சேர வேண்டுமானால், அது தெருமுனைக் கடை வழியாகத்தான் போக முடியும்.

சிவப்புப் பாமாயில்

எண்ணெய் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அதே தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் பிறகு ஆலையில் தயாரித்த கரோட்டினுக்குப் பதிலாகச் சிவப்புப் பாமாயிலைப் பிஸ்கட்டில் சேர்த்துப் பார்த்தார்கள். அதுவும் அதே அளவு பலன் தந்தது.

பனம்பழம் போன்ற எண்ணெய்ப்பனைப் பழத்தின் சதையைப் பிழிந்தால் வரும் எண்ணெய் செக்கச் சிவந்திருக்கும். அந்தச் சிவப்புக்குக் காரணம் கரோட்டின்; காரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் தருவதும் அதுதான். நாம் டின்னிலும் பாக்கெட்டிலும் விற்கும் பாமாயில் வெளுத்திருப்பதற்குக் காரணம், சுத்திகரிக்கும்போது நிறத்தோடு கரோட்டினும் போய்விடுகிறது. நம் வாடிக்கையாளர் வெளுத்த எண்ணெயைத்தான் கேட்கிறார். ஆலையும் அதைத்தான் தருகிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990-களில், சிவப்புப் பாமாயில் சேர்த்த தின்பண்டங்களை நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் இரத்தத்தில் வைட்டமின் ஏ அளவு உயர்ந்தது. ஆகவே சத்து சேர்ப்பது என்றால் வெளிநாட்டுப் பிஸ்கட்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பண்டத்திலும் சேர்க்கலாம். கரோட்டின் கடும் சூட்டைத் தாங்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்துப் பொரித்தால் சத்து போய்விடும். நாற்றமும் கெடுதலும்தான் மிஞ்சும்.

வெயிலில் தொங்கும் சரம்

இனி நம் கடைக்குள் வருவோம். ஆலைக்காரர் சத்தைச் சேர்த்து அனுப்பினார். நாம் அதை எப்படி வைக்கிறோம்?

வைட்டமின் ஏ-க்கு வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, காற்றும் ஆகாது. வைட்டமின் சி அதைவிட மென்மையானது. இரும்பு அழியாது. ஆனால் எளிதில் உடலில் சேரும் இரும்பு வகைகள் பண்டத்தின் நிறத்தை மாற்றும். கொழுப்போடு சேர்ந்து சிக்குவாடை வரவழைக்கும். நிறம் மாறாத வகையைப் போட்டால் உடலில் சேருவது குறைவு. பிஸ்கட் தயாரிப்பவர்களின் தலைவலி இதுதான்.

இப்போது நம் கடை வாசலைப் பாருங்கள். மேற்குப் பார்த்த கடையானால், மதியம் இரண்டு மணியிலிருந்து சரம் முழுவதும் நேர் வெயிலில் தொங்குகிறது. கண்ணாடி ஜாடி சூடேறி, மூடி திறந்தே இருக்கிறது. எண்ணெய்க் கேன் வாசற்படியில் நிற்கிறது. பாக்கெட்டில் அச்சிட்ட வைட்டமின் கணக்கு ஆலையில் சரியாக இருந்திருக்கலாம்; நம் வாசலில் ஒரு மாதம் தொங்கியபின் அந்தக் கணக்கு நிற்குமா? வாங்குகிற பிள்ளைக்குத் தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது. தெரிந்தவர் நாம் ஒருவர்தான்.

பாக்கெட்டின் முன்பக்கமும் பின்பக்கமும்

'வைட்டமின் சேர்த்தது' என்று முன்பக்கம் பெரிதாக இருக்கும். உண்மை பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே கொடுத்திருக்கும் அளவு பெரும்பாலும் 100 கிராமுக்கு. பிள்ளை வாங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் 100 கிராமா இருக்கிறது? எத்தனை கிராம் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி கணக்குப் போட வேண்டும். சர்க்கரை, உப்பு, கொழுப்பு எவ்வளவு என்பதையும் அதே இடத்தில் பார்க்கலாம். க்ரீமும் சர்க்கரையும் நிறைந்த பண்டத்தில் துளி வைட்டமின் போட்டுவிட்டால் அது சத்துணவாகிவிடாது.

2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. ஆகவே அந்தத் தலைப்பின்கீழ் பானங்களை விற்காதீர்கள் என்றது. நம் கடை அலமாரிக்கும் இது பொருந்துகிற நியாயம்தான். "பிள்ளைக்குச் சத்துக்கு எது நல்லது அண்ணாச்சி?" என்று ஒரு தாய் கேட்டால், அதிக மார்ஜின் உள்ள டப்பாவை எடுத்துக் காட்டுவது அழகல்ல.

எண்ணெய், பால், மாவு போன்ற அன்றாடப் பொருட்களில் சத்து சேர்த்திருந்தால், அதற்கென்று நீல நிறத்தில் 'ப்ளஸ் எஃப்' என்ற முத்திரை உண்டு. 2018-இல் வந்த விதிகளின்படி, இந்த முத்திரையுள்ள எண்ணெயில் வைட்டமின் ஏ-யும் டி-யும், பாலில் அதே இரண்டும், கோதுமை மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவையும் இருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் தின்பண்டம் தராத சத்தை வீட்டுச் சமையல் எண்ணெய் தர முடியும் என்பதால் இந்த முத்திரையை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

சட்டமும் நம் சங்கடமும்

பள்ளிப் பிள்ளைகளின் உணவு பற்றி 2020-இல் வந்து 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகளை உறுப்பினர்கள் பலர் இன்னும் சரியாக அறியவில்லை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. தயாரிப்பாளர்கள் அந்த எல்லைக்குள் அவற்றுக்கு விளம்பரம் செய்யவும் கூடாது.

இதில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு; அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொலைக்காட்சியில் நாள் முழுவதும் விளம்பரம் போட்டுப் பிள்ளையின் ஆசையைக் கிளப்புபவர் ஒருவர். பள்ளி வாசலில் ஐந்து ரூபாய்க்கு விற்று அதிகாரியிடம் பதில் சொல்பவர் இன்னொருவர். இது நியாயமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் விதி இருக்கும்வரை அதை மீறி விற்று மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது. அந்த 50 மீட்டருக்குள் எதை விற்கலாம் என்று யோசிப்பதுதான் வியாபாரம்.

எங்கள் தெருவில் நடந்தது

எங்கள் கடைக்கு எதிரே ஒரு பள்ளி இருக்கிறது. ஒரு நாள் மாலை அங்கிருந்து ஒரு டீச்சர் வந்தார். கோபமாக வரவில்லை. "அண்ணாச்சி, காலையில பிள்ளைங்க உங்க கடையில வாங்கிட்டு வந்து இடைவேளையில தின்னுடுறாங்க. மத்தியானம் சாப்பாடு அப்படியே மிஞ்சுது. முட்டையைக்கூட பாதி கடிச்சுட்டு வச்சுடுதுங்க" என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை, என்ன சொல்வது?

தெருவில் மூன்று கடைகள். ஒருவர் மட்டும் நிறுத்தினால் பிள்ளைகள் அடுத்த கடைக்குப் போய்விடும். மூவரும் உட்கார்ந்து பேசினோம். பெட்டிக்கடை வைத்திருக்கும் தம்பி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உங்களுக்கு அரிசி, பருப்பு வியாபாரம் இருக்கு அண்ணாச்சி. என் வீட்டு அடுப்பு இந்தச் சரத்துலதான் எரியுது." அவர் சொன்னதில் தப்பில்லை.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். காலையில் மட்டும் காரச் சரங்களை உள்ளே மாட்டுவது. வாசலில் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொட்டுக்கடலை உருண்டை வைப்பது. இவற்றை மொத்தமாக நாங்கள் எடுத்து, தம்பிக்கு ஒரு வாரத் தவணையில் கொடுப்பது. முதல் பத்து நாள் வியாபாரம் படுத்துவிட்டது. பொய் சொல்ல மாட்டோம். உருண்டை உடைந்த வகையில் நஷ்டமும் வந்தது. பிறகு தம்பியே ஒரு யோசனை செய்தார். கொய்யாக்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றார். சீசனில் நெல்லிக்காய், மாங்காய்க் கீற்று. அது ஓடியது. அதில் அவருக்கு நின்ற லாபம் சரத்தில் நின்றதைவிடக் குறையவில்லை.

அந்தக் கொய்யாக்காயும் நெல்லிக்காயும் வைட்டமின் சி நிறைந்தவை. தென்னாப்பிரிக்காவில் பிஸ்கட்டோடு கொடுத்த பானத்தின் வேலையை இங்கே அவை செய்கின்றன. சாப்பாட்டில் உள்ள இரும்பு உடலில் ஒட்ட உதவும். தம்பிக்கு இது தெரியாது. டீச்சர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. மதியச் சாப்பாடு மிஞ்சுவது குறைந்திருக்கிறது என்றும் அவர் சொன்னார்.

நாம் செய்யக்கூடியவை

1. சத்து சேர்த்த பண்டங்களையும் எண்ணெயையும் வெயில் படாத அலமாரியில் வையுங்கள். சரத்தை வாசலில் மாட்டினால் நிழல் பக்கம் மாட்டுங்கள். ஜாடி மூடியைத் திறந்து போடாதீர்கள்.

2. முதலில் காலாவதியாகும் சரக்கை முதலில் விற்க முன்னால் வையுங்கள். புதுச் சரக்கு வந்ததும் பழையதின் மேலேயே அடுக்கும் பழக்கம் சத்துக்கும் கேடு, நம் காசுக்கும் கேடு.

3. தேதி முடிந்த பாக்கெட்டை ஏஜென்ட் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கொள்முதலின்போதே பேசிக்கொள்ளுங்கள். எடுக்க மாட்டேன் என்பவரிடம் ஐந்து ரூபாய்ச் சரம் அதிகம் வாங்காதீர்கள்.

4. மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சத்து சேர்த்த எண்ணெய், மாவு போன்றவற்றை ஆண்டு முழுவதும் இடைவெளி இல்லாமல் இருப்பு வையுங்கள். கோடையில் விற்பனை குறைகிறதென்று நிறுத்தாதீர்கள். பிள்ளைகளுக்குச் சத்து இறங்கும் காலம் அதுதான்.

5. உப்பு மூட்டையைத் தரையில் போடாமல் கட்டையின் மேல் அடுக்குங்கள். ஈரம் பட்டால் அயோடின் போகும்.

6. பள்ளிக்கு அருகில் கடை வைத்திருப்போர் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அவர் நம்மைத் தேடி வருவதற்கு முன் நாம் போவது மரியாதை. பிள்ளைகளுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று அவருக்குத் தெரியும்.

7. சத்து பிஸ்கட்டை மருந்து என்று சொல்லி விற்காதீர்கள். பிள்ளைக்கு மாலைக்கண், கடும் சோர்வு போன்ற குறை தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். வைட்டமின் ஏ அளவு மீறினாலும் ஆபத்து. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

8. சத்து பாக்கெட் வாங்க முடியாத வீடுகளுக்குக் கீரை, பப்பாளி, முட்டை, வேர்க்கடலை இருக்கின்றன. முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்திலேயே கிடைக்கும். 'இதை வாங்குங்கள்' என்பதோடு 'இதைச் செய்து கொடுங்கள்' என்றும் சொல்லும் கடைக்காரரை எந்தத் தாயும் மறக்க மாட்டார்.

பெருமக்களே! இன்று ஐந்து ரூபாய் நீட்டும் பிள்ளைதான் பதினைந்து ஆண்டு கழித்துக் குடும்பத்தோடு வந்து மாதச் சாமான் பட்டியல் கொடுக்கப் போகிறது. அப்பா வாங்கிய கடையில் மகனும் வாங்குவது நம் தொழிலின் பெருமை. அந்தப் பிள்ளை கண் தெளிவாகவும் உடல் தெம்பாகவும் வளர்ந்தால்தான் அந்தப் பட்டியலும் வளரும். காரச் சரத்தில் இன்று கிடைக்கும் ஐம்பது பைசாவை விட அது பெரிய லாபம்.

வரும் ஏப்ரலில் பள்ளிகள் மூடும். அப்போதும் நம் கடைகள் திறந்திருக்கும். அந்த இரண்டு மாதமும் அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்று இப்போதே கணக்குப் போடுவோம்.